சாங்கியில் ஒரு த்ரீ நாட் த்ரீ, ஐந்து தோட்டா, ஒரு பந்தயம்

ஜூன் மாதம் சிங்கப்பூர் போனது தங்கையைப் பார்க்க மட்டுமல்ல, அவள் வீட்டுக்காரர் அந்தோணியை ஒரு கை பார்க்கவும்தான். என் மகள் ராணுவ அதிகாரித் தேர்வு எழுதத் துடிக்கிறாள். என் கணவர் சம்மதிக்கவில்லை. அவருக்குச் சகலை அந்தோணி சொன்னால் வேதவாக்கு. சிங்கப்பூரில் ராணுவப் பயிற்சி முடித்தவராயிற்றே! அந்த மனிதரோ, "பொண்ணுங்களுக்கு ரைஃபிள் எல்லாம் வேணாம் லா" என்று அந்த ஊர் 'லா' போட்டுப் போனிலேயே முடித்துவிட்டார். நானும் கல்லூரி என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்தவள்தான் என்றால், "அது மார்ச் பாஸ்ட் லா மதினி" என்று சிரிப்பு வேறு. பற்றிக்கொண்டு வராதா?

ஞாயிறு பூசை முடிந்து தங்கை, அந்தோணியோடு தேக்கா சந்தையில் தோசை. பிறகு லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் ரயில் ஏறி, தெம்பனிஸில் இறங்கி, 29ஆம் எண் பஸ்ஸில் சாங்கி வில்லேஜ். ஒன்றரை மணி நேரம். ஆளுக்கு மூன்று வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, மேல் ஆகாது. அங்கே போர்க்காலப் பொருள் சேகரிக்கும் சிலர் இரண்டு நாள் கண்காட்சி வைத்திருந்தார்கள். அனுமதி இலவசம்.

மேசையில் தோட்டாக்கள் வரிசையாக இருந்தன. அந்தோணிக்குப் பழக்கமான 5.56 மில்லிமீட்டர் ஒல்லியாக, அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும். நான் என்.சி.சி.யில் சுட்ட த்ரீ நாட் த்ரீ (.303) தோட்டாவுக்கோ அடியில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே அதைச் சுடும் லீ என்ஃபீல்டு துப்பாக்கி, செயலிழக்கச் செய்து சங்கிலியால் கட்டியது. மருந்தில்லாத பயிற்சித் தோட்டா ஐந்தை அதில் போட்டு, ஒவ்வொன்றாக ஏற்றி வெளியே தள்ளிப் பார்க்கலாம் என்றார் பொறுப்பாளர்.

"மாட்டாம அஞ்சையும் தள்ளிட்டீங்கன்னா, நானே அண்ணனுக்குப் போன் போட்டு ஓகே சொல்லச் சொல்றேன். ஆனா நான் ஃபர்ஸ்ட்!" என்றார் அந்தோணி.

5.56 போடுகிற வேகத்தில் ஐந்தையும் படபடவென்று அமுக்கினார். தோட்டாவை உள்ளே ஏற்றும் போல்ட்டைத் தள்ளினார். நகரவில்லை. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது.

"ஸ்பாயில் ஆயிடுச்சு லா இது!"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாப்ளே. தள்ளி நில்லுங்க."

அந்த ஐந்தையும் வெளியே எடுத்துவிட்டு, ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் அடியில் கிடக்கும் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் வருமாறு நிதானமாக வைத்தேன். போல்ட்டை இழுத்தேன், தள்ளினேன். ஐந்தும் டங் டங்கென்று வெளியே வந்து விழுந்தன. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அப்பாடா! பெருமையில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இதுபோன்ற கண்காட்சிக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. காலையிலேயே போங்கள், மதியம் வெயில் மண்டையைப் பிளக்கும். தோட்டாவைத் தொடுமுன் கேளுங்கள். ஊரில் வாங்கிய தோட்டாக் கூடு சாவிக்கொத்தில் தொங்கினால் கழற்றி வீட்டிலேயே வையுங்கள்; காலிக் கூடானாலும் விமான நிலையத்தில் போலீஸ் விசாரணைதான்.

அந்தோணி சொன்ன சொல் தவறவில்லை. பஸ் நிறுத்தத்திலேயே போன் போட்டார். "அண்ணே, புள்ள எழுதட்டும். மதினி என்னைத் தோக்கடிச்சிட்டாங்க லா." பிறகு போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார் என் கணவர்.

"ஏட்டி, அந்தப் பரீட்சைக்கு எழுதிப் போட இன்னும் நாள் இருக்கா?"