தண்ணீர் இறங்காத பஞ்சு

சம்பந்தி வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்று. நகை உங்களால் முடிந்ததைப் போடுங்கள், கட்டிலை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், இலவம்பஞ்சு மெத்தை மட்டும் பெண் வீட்டிலிருந்து வந்துவிட வேண்டும் என்றார்கள். கேட்கிறவர்களுக்கு எல்லாமே சின்னதுதான். பச்சையம்மாள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். ஆட்டாமல் என்ன செய்வாள்? மாப்பிள்ளை முரளிக்குத் திருப்பதி லாட்ஜில் வேலை, கையில் பாஸ்போர்ட், கூடிய சீக்கிரம் குவைத் பயணம். காணி நிலம் இல்லாத வீட்டுக்கு அப்படி ஒருவன் வருவதே பெரிது.

அவள் புருஷன் ஹைவே வழியாகச் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனவன், போனவன்தான். அதே ஹைவே வழியாகத்தான் அவள் ஊரான சூளூர்பேட்டைக்கு ஒரு பஞ்சுக் கம்பெனியும் வந்து சேர்ந்தது. நாட்டின் கதவை அகலத் திறந்துவிட்ட காலம். யார் போகிறார், எது வருகிறது என்று யார் பார்த்தார்கள்? அங்கே இலவம்பஞ்சைக் காடி நாற்றமடிக்கும் மருந்தில் வேகவைத்து உலர்த்துவது பச்சையம்மாளின் வேலை. அப்படிப் பதப்படுத்திய பஞ்சு தண்ணீரை ஏறெடுத்தும் பார்க்காது, எண்ணெயை மட்டும் குடிக்கும். எங்கோ வெளிநாட்டுக் கடலில் கப்பல் எண்ணெயைக் கொட்டினால் இதைத் திண்டு திண்டாக மிதக்கவிட்டு உறிஞ்சி எடுப்பார்களாம். ஊரான் கடல் சுத்தமாக இவள் மூக்கு செத்துப்போனது. வீட்டில் சோறு தீய்ந்தால்கூடப் பெண் கலைவாணிதான் சொல்ல வேண்டும்.

கடையில் பஞ்சு வாங்க வழியில்லை. சூப்பர்வைசர் சந்திரசேகரிடம் போய் நின்றாள்.

"சார், பொண்ணுக்குச் சீர் மெத்த தெக்கணும். கொஞ்சம் பஞ்சு குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும்."

"புதுசுல கை வெக்க முடியாதும்மா, மேல கேப்பாங்க. டெஸ்ட்டுக்கு எண்ணெயில போட்டுப் புழிஞ்சது மூட்டையாக் கெடக்குது. அத்த தீஸ்கோ, எடுத்துக்கினு போ. அலசிட்டா புதுசுதான்."

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். அவளும் பார்க்கவில்லை. மூட்டையை ஏரிக்குத் தூக்கிப்போய் அலசினாள், அடித்துத் துவைத்தாள், பாறையில் காயப்போட்டாள். வெயிலில் அது வெள்ளை வெளேரென்று உப்பி நின்றது. பிசுக்கு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். எந்நேரமும் மருந்தில் ஊறி மரத்த கை அது. அதற்கு எந்தப் பிசுக்கு தெரியும்? பூப்போட்ட துணி வாங்கி, சூளூர்பேட்டை மெத்தைக்காரனிடம் கொடுத்துத் தைத்து வாங்கினாள். ரயிலில் ஏற்றித் திருப்பதி வரைக்கும் யாரையும் அதில் உட்காரவிடவில்லை. அன்றைக்கு அவள் மனசு நிறைந்திருந்தது. பாவம், அந்த ஒரு நாள்தான்.

கல்யாணம் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சித்திரை வெயில், தகரக் கூரை வீடு, இரண்டு உடம்பின் பாரம். பஞ்சு குடித்திருந்ததையெல்லாம் கக்கியது. மெத்தையின் நடுவில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை விரிந்தது. கூடவே ஒரு நாற்றம். ஆள் அனுப்பிப் பச்சையம்மாளை வரவழைத்தார்கள். மெத்தை வாசலில் கிடந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது.

முரளியின் அம்மா கமலம்மா அதைக் காலால் தள்ளினாள். "இது இன்னா கறம்மா? இழுத்துக்கினு கெடந்து செத்த ஒடம்பு படுத்த மெத்தயப் பிரிச்சுத் தெச்சியா? என் புள்ள வெளிநாடு போற நேரத்துல பொணப் படுக்கையிலயா படுக்க வெப்ப?"

"சத்தியமா இல்ல சம்பந்தி! கம்பெனி பஞ்சு. எண்ண டெஸ்ட்டுக்குப் போட்டது. நான்தான் அலசி..."

"ஆக, போட்டுக் கழிச்சதுதானே? அத்த உன் வாயாலயே சொல்லிட்ட."

செத்தவர் படுக்கையைச் சுடுகாட்டு வழியில் வீசிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிற ஊரில், படுக்கையில் விழுந்த பழியை எந்தச் சத்தியம் கழுவும்? முரளி வாயைத் திறக்கவில்லை. குவைத்துக்குப் போக வாய் வேண்டாம்போல. புது மெத்தையோடு வந்தால் வீட்டுக்குள் வரலாம் என்று கலைவாணியின் பெட்டியையும் மெத்தைமேல் வைத்தாள் கமலம்மா. ஆட்டோக்காரன்கூட மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏற்றினான்.

புது மெத்தைக்கு வழி பிறக்குமுன் முரளி விமானம் ஏறிவிட்டான். சொல்லிக்கொண்டு போகவில்லை, அவன் அங்கே எண்ணெய்க் கம்பெனியில் இருப்பதாக யாரோ சொன்னார்கள். சந்திரசேகர் மட்டும் சும்மா இருக்கவில்லை. வீண்போனதுதானே என்று மெத்தையைப் பிரித்துப் பஞ்சைத் திரும்ப எடுத்துக்கொண்டான். கலைவாணிக்கும் ஒரு வேலை போட்டுக் கொடுத்தான். அந்த மட்டுக்கும் தர்மவான்.

முதல் நாள், அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வெந்த பஞ்சை உதறிக்கொண்டிருந்தவள், தலை நிமிராமல் கேட்டாள்.

"இன்னும் ஒரு வாட்டி நல்லாத் தோச்சிருக்கக் கூடாதாம்மா?"

அந்தப் பஞ்சைத் தன் கையாலேயே வேகவைத்தவள் பச்சையம்மாள். ஏரிக்கரையில் அது எப்படி மறந்துபோனது?

"தோச்சேன் கண்ணு. உள்ள தண்ணி எறங்கினாத்தானே எண்ண போவும்? எறங்கக் கூடாதுன்னுதானே எனக்குக் கூலி குடுக்கறாங்க."

கலைவாணி மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு அடுத்த கூடையை இழுத்தாள்.