அப்பாவின் பூச்சாண்டி முகம்

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவில் நாங்கள் குடியிருந்தபோது, பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியின் பையனைச் சாப்பிட வைப்பது என் அப்பாவின் பொறுப்பு. ஊட்டியது என்னவோ ஆன்ட்டிதான். அப்பா பயமுறுத்துவார், அவ்வளவுதான்.

சாயங்காலம் அப்பா வேலை முடிந்து லிஃப்டை விட்டு வரும்போது, ஆன்ட்டி காரிடாரில் கிண்ணமும் கரண்டியுமாக அலைந்துகொண்டிருப்பார். மூன்று வயதுப் பையன் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு விழுங்கவே மாட்டான். விழுங்காவிட்டால் கெலிங் பிடித்துக்கொண்டு போய்விடுவான் என்று தன் மொழியில் சொல்லி, ஆன்ட்டி அப்பாவைக் கைகாட்டுவார். அப்பாவும் கண்ணை உருட்டி, பல்லைக் காட்டி உறுமுவார். சோறு உள்ளே போய்விடும். எனக்கு ஒரே பெருமை.

கெலிங் என்பது நம்மவர்களை மட்டமாகச் சொல்லக் காலங்காலமாகப் புழங்கிய சொல். அம்மாவுக்கு அது சுருக்கென்று தைக்கும்.

"உங்களுக்கு ரோஷமே வராதா?"

"அவங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டுச் சொல்லல. பிள்ள சாப்பிடுது லா, விடு" என்பார் அப்பா.

அதுவும் பொய்யில்லை. தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கைத் தேடி முதல் ஆளாக வருவது அந்த ஆன்ட்டிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் தேக்கா சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பினோம். எங்கள் அடுக்குமாடி புளோக்கை நெருங்கும்போதே மாடியிலிருந்து ஆன்ட்டியின் அலறல் கேட்டது. பையன் தனியாக லிஃப்டில் ஏறிக் கீழே வந்துவிட்டிருந்தான். கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், ஒற்றைச் செருப்போடு நின்று அழுதுகொண்டிருந்தான்.

அப்பா பைகளைப் போட்டுவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு ஓடினார். பையன் அவரைப் பார்த்தான். வீல் என்று கத்திக்கொண்டு, வண்டிகள் வரும் பாதைக்குள் ஓடினான். அந்தப் பக்கம் ஒரு லாரி பின்னால் நகர்ந்து வந்துகொண்டிருந்தது.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். இன்னும் ஓரடி வைத்தால் அவன் லாரியிடமே போய்விடுவான். சட்டென்று ஒரு தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டு, கையை மட்டும் வெளியே நீட்டி லாரியை நிறுத்தச் சொல்லி ஆட்டினார்.

"நீ போம்மா. ஓடாத, சிரிச்சுக்கிட்டே போ. நான் இங்க இல்லன்னு சொல்லு."

சிரித்துக்கொண்டே போய், அப்பா இங்கே இல்லை என்றேன். பையன் தூணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். லாரியும் நின்றது. அப்போதுதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மேலே போனதும் ஆன்ட்டி அவனை அள்ளிக்கொண்டு அழுதார். என்னையும் கட்டிக்கொண்டு, அப்பா எங்கே என்று கேட்டார்.

"இவன் அவரப் பாத்தா ரோட்டுக்குள்ள ஓடுறான் ஆன்ட்டி. அதான் அடுத்த லிஃப்ட்ல வர்றாரு" என்றேன், உள்ளதை உள்ளபடி.

அப்பா வந்தார். காணாமல்போன செருப்பைத் தேடிக் கொண்டுவந்திருந்தார். பையன் பார்த்துவிடாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு அதை நீட்டினார். ஆன்ட்டி இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டு, "சாரி, சாரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எங்கள் காரிடாரில் நான் கேட்கவில்லை. ஆன்ட்டி தினமும் அப்பாவைக் காட்டி "அங்கிள்" என்று சொல்லிக்கொடுத்தார். பையன் பழக நாளாயிற்று. ஒருநாள் அப்பா நீட்டிய கரண்டிக்கு அவன் வாயைத் திறந்தான். அன்றைக்கு எங்கள் வீட்டில் எல்லோரையும்விட அதிகம் சிரித்தது அம்மாதான்.

எனக்குத்தான் ஒரு குறை. அந்தப் பூச்சாண்டி முகத்தை எனக்காக ஒருதரம் செய்து காட்டச் சொன்னால், மறந்துபோச்சு என்றார் அப்பா. அது எப்படி மறக்கும்? நானே கண்ணை உருட்டி, பல்லைக் காட்டி, உறுமி நினைவுபடுத்தினேன். அப்பா என் முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

"வேணாம்மா. நீ அப்படிப் பண்ணாத."

என்னைப் பார்த்து அப்பாவே பயந்துவிட்டார் என்று நான் வெகுநாள் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.