மையக்காவும் வெள்ளைக் கோடும்

செத்தவர்கள் ஒரே ஒரு தடவைதான் மருந்து அனுப்புவார்கள். மகனோ மருமகளோ அலமாரியை ஒழித்து, மிச்சமிருந்ததைப் பையில் கட்டி, வாசலிலிருக்கும் இரும்புப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார்கள். அதோடு சரி. இலவச மருந்தகத்தின் பின்னறையில் பதினோரு வருஷமாக மையக்கா பார்த்து வந்தது இதைத்தான்.

பெயரைச் சொன்னால் அவளை யாருக்கும் தெரியாது. வருகிற டப்பாக்களில் தேதி பார்ப்பாள், பிரித்த அட்டைகளை ஒதுக்குவாள், லேபிளில் இருக்கும் பெயரையும் முகவரியையும் கறுப்பு மார்க்கரால் அடிப்பாள். விரலெல்லாம் எப்போதும் மை. அதனால் மையக்கா. மார்க்கரை வேறு யாரும் தொடக் கூடாது, வீட்டுக்குக்கூடக் கைப்பையில் கொண்டு போய்விடுவாள், அப்படி ஒரு அற்பத்தனம். ஒருமுறை கீழே விழுந்து அதன் முனை பிளந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் அடித்த கறுப்பின் நடுவே முடி போல ஒரு வெள்ளைக் கோடு விழும்.

அந்த டப்பா மட்டும் மாதாமாதம் வந்தது. முதல் திங்கட்கிழமை தவறாது. இதய மாத்திரை, முழு மாதத்துக்கு, ஓர் அட்டைகூடப் பிரிக்கப்படவில்லை. பெயர் ஏற்கெனவே அடிக்கப்பட்டிருந்தது.

"செத்தவருக்கு மாசாமாசம் யாருடி மருந்து வாங்குறா?" என்று கேட்டாள் மையக்கா.

"வந்த வரைக்கும் லாபம்னு விடுங்கக்கா," என்றாள் முன்னறையில் மருந்து கொடுக்கிற பெண். "நம்ம சாவிக்காரருக்கு ஆச்சுல்ல?"

சாவிக்காரர் தெருமுனையில் மாற்றுச் சாவி செய்கிறவர். ஒரு தடவை அந்த மாத்திரை கையிருப்பில் இல்லாமல் அவர் வெறுங்கையோடு போனபோது, மையக்கா வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அடுத்த மாதமே டப்பா வர ஆரம்பித்தது. நல்ல மனசு யாருக்கோ என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஏழாவது டப்பா வந்த காலையில்தான் அவள் அந்தக் கறுப்பைச் சரியாகப் பார்த்தாள். நடுவே ஒரு வெள்ளைக் கோடு.

டப்பாவை அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்திருந்தாள், மார்க்கர் பைக்குள் மூடியபடி இருந்தது. "நான் எப்போ அடிச்சேன்? எனக்கென்ன புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று வாய்விட்டே கேட்டாள். பின்னறையில் பதில் சொல்ல யாருமில்லை.

பதினோரு வருஷத்தில் செய்யாத வேலையைச் செய்தாள். லேபிளை நகத்தால் உரித்து ஜன்னல் கண்ணாடியில் கவிழ்த்து வைத்துப் பின்பக்கமாகப் பார்த்தாள். வெயிலில் கறுப்புக்கு அடியிலிருந்து எழுத்துகள் இடம்வலம் மாறி மெல்ல எழுந்து வந்தன. முதலில் கதவு எண் தெரிந்தது. அது அவள் வீட்டு எண். அவள் கணவருக்கும் அதே இதய மாத்திரைதான்.

டப்பாவைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள். கணவர் நாற்காலியில் அசையாமல் கண்மூடிக் கிடந்தார். போய்விட்டார் என்றே நினைத்தாள்.

"மாத்திரை போட்டீங்களா?"

"போட்டாச்சு, போட்டாச்சு," என்றார் கண்ணைத் திறக்காமல். தினமும் சொல்கிற அதே பதில். ஊரார் மாத்திரையையெல்லாம் எண்ணிச் சரிபார்க்கிறவள் தன் வீட்டில் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

டப்பாவை அவர் மடியில் போட்டாள். அவர் பார்த்தார். "நீதானே அன்னைக்கு வந்து அப்படி அழுத? எனக்கு ஒண்ணும் ஆகலை பாரு. கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லுக்குக் கால் வீங்குமாய்யா?" அவள் குனிந்து அவர் கணுக்காலை மைவிரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. விரலை எடுத்தும் குழி அப்படியே இருந்தது. அதைப் பார்த்துப் பெருங்குரலெடுத்து அழுதாள்.

அன்றிலிருந்து "வாயைத் திறங்க" என்று அவளே போட்டு, விழுங்கினாரா என்று நாக்குக்கு அடியிலும் பார்த்தாள். மறுநாள் சாவிக்காரர் வந்து நின்றார்.

"இந்த மாசம் வரலைங்க," என்றாள். நா கூசியது.

"பரவால்லம்மா, கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கேன். குடுத்த புண்ணியவான் நல்லா இருக்கணும்."

அவள் சும்மா இருக்கவில்லை. தெரிந்த மருந்தகத்துக்கெல்லாம் போன் போட்டாள், டாக்டரிடம் கடிதம் வாங்கி அனுப்பினாள். பதில் வருவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஒரு திங்கட்கிழமை சாவிக்காரரின் மனைவி பையோடு பின்னறைக்கே வந்துவிட்டாள்.

"நீங்க குடுத்ததுதாங்க. மிச்சம் இருந்தா வேற யாருக்காவது ஆகும், திருப்பிக் குடுத்துடுன்னு கண்ணை மூடுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தார்."

பைக்குள் முன்பு வந்த டப்பாக்களில் ஒன்று. வெள்ளைக் கோட்டின் மேல் பாதி ஏறினாற்போல, முன்னறைப் பெண் ஒட்டிய சாவிக்காரரின் பெயர். உள்ளே பிரிக்காத அட்டைகள் இரண்டு. கூடவே காகிதத்தில் மடித்த மாத்திரைகள், எல்லாம் பாதி பாதியாக வெட்டியவை.

"அடுத்த மாசம் வருமோ வராதோன்னு பயம். முதல் மாசத்துலேர்ந்தே பாதிதான் போட்டுக்கிட்டார். நான் கேட்டா, போட்டாச்சு போட்டாச்சும்பார்."

வீட்டில் ஒருவர் முழுசாக விட்டுக்கொடுத்திருக்கிறார், இங்கே ஒருவர் பாதியை மிச்சம் பிடித்து வைத்திருக்கிறார். அந்த ஆறு மாதமும் மாத்திரை யாருக்குமே முழுசாகப் போய்ச் சேரவில்லை.

அந்த அம்மா போனபின் பிரிக்காத அட்டைகளை அலமாரியில் வைத்தாள். பாதி மாத்திரைகள் யாருக்கும் ஆகாது, அழிக்கிற வாளியில் கொட்டினாள். பிறகு மார்க்கரைத் திறந்து சாவிக்காரரின் பெயரை அடித்தாள். நடுவே வெள்ளைக் கோடு விழுந்தது. அதன்மேல் மறுபடி அடித்தாள். பக்கத்தில் இன்னொன்று விழுந்தது.