கன்னடப் பெட்டிக்குள் அடங்காத ஆறாவது வரி

லேசர் பிரிண்டரிலிருந்து வந்து விழும் தாள் இளஞ்சூடாக இருக்கும். ஏசி அறையில் விரல் விறைத்து உட்கார்ந்திருக்கும் எனக்கு, அதைக் கையில் வாங்குவதே ஒரு சுகம்...

அப்போது ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. மத்திகிரியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் வருவேன். கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. முன்பு ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் செய்தபோது, ஒவ்வொரு மெனுவாகத் திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டேன். சர்டிபிகேட் கேட்டவர்களுக்கெல்லாம் வேலையைத்தான் காட்டினேன்.

மெஷின்களில் மாட்டும் பாதுகாப்புத் தாள்களைத் தயார் செய்வது என் வேலை. தலைமை அலுவலகம் அனுப்பிய டெம்ப்ளேட் ஒன்று உண்டு. இடது பக்கம் தமிழுக்கு ஒரு ஃபிரேம், அதாவது எழுத்து அடங்கும் பெட்டி; வலது பக்கம் கன்னடத்துக்கு ஒரு ஃபிரேம். இரண்டும் ஒரே அளவு. எழுத்தை உள்ளே ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ஃபிரேமைத் தொடக்கூடாது.

கன்னட எழுத்து பெங்களூரில் டைப் ஆகி ஃப்ளாப்பியில் வரும். ஃபிரேமுக்குள் அடங்காமல் ஏதாவது மிச்சம் இருந்தால், அடியில் சிவப்பாக ஒரு முக்கோணம் தெரியும். அந்த டைப்பிஸ்ட் கடைசியில் எப்போதும் நாலைந்து என்டர் தட்டி வைத்திருப்பார். அதனால் கன்னடப் பக்கம் சிவப்பு இல்லாத நாளே இல்லை... எனக்கும் பழகிவிட்டது. வெறும் காலி வரிதானே என்று விட்டுவிடுவேன்.

இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்புக்கான தாளை மாட்டி ஒரு வாரம் இருக்கும். கர்நாடகத்து ஆனேக்கல் பக்கமிருந்து வரும் ஆபரேட்டர் மஞ்சுநாதா, கேன்டீனில் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, தமிழ்ல ஆறு பாயிண்ட் இருக்குது. நமக்கு மட்டும் ஐதே ஐது. கன்னடத்துக்காரனுக்கு ஒரு விரல் கம்மின்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். பிரஸ் நின்றிருந்தாலும் சுவிட்சை அணைக்காமல் உள்ளே கை விடக்கூடாது... அதுதான் ஆறாவது பாயிண்ட். இந்த முறை சிவப்பு முக்கோணத்துக்கு அடியில் மறைந்திருந்தது காலி வரி இல்லை, அந்த வரி.

எனக்குக் கன்னடம் படிக்கத் தெரியாது. எண்ணத் தெரியும். எண்ணவில்லை. அது என் தப்பு.

மஞ்சுநாதாவையே அந்த வரியை எழுதச் சொல்லி, அன்றே தாளுக்கு அடியில் ஒட்டினோம். பிறகு ஃபிரேமை நீட்டலாமா என்று கேட்க மேனேஜரிடம் போனேன்.

"கன்னட எழுத்தைச் சின்னதாக்கும்மா, உள்ள வந்துடும்."

"மெஷின் முன்னாடி நின்னு படிக்கணுங்க சார். பூதக்கண்ணாடி குடுப்பீங்களா?"

"டெம்ப்ளேட் அப்ரூவ் ஆனது. நீ மாத்தக்கூடாது."

"அப்ரூவ் பண்ணவருக்குக் கன்னடம் தெரியுங்களா?"

என் இடத்துக்குத் திரும்பி வந்தேன்.

டெம்ப்ளேட்டின் மூலப் பக்கமான மாஸ்டர் பேஜைத் திறந்தேன். அடியில் இருந்த கையெழுத்துக் கட்டத்தைக் குறுக்கி, கன்னட ஃபிரேமை நாலு வரி கீழே இழுத்தேன். அச்சடித்து மாட்டியும் விட்டேன்.

ஆடிட்டில் பிடித்தார்கள். அனுமதியில்லாமல் டெம்ப்ளேட்டை மாற்றியதற்கு மெமோ. மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் விட்டுவிடுவார்களாம். வரி விட்டுப்போனதற்குக் கொடுக்கிறேன், ஃபிரேமை இழுத்ததற்குக் கொடுக்க மாட்டேன் என்றேன். என்னை ஸ்டோர்ஸில் லேபிள் ஒட்டப் போட்டார்கள்.

ஆறேழு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து புது டெம்ப்ளேட் வந்தது. கன்னட ஃபிரேம் நான் இழுத்த அதே நீளம். தயாரித்தவர் இடத்தில் வேறொருவர் பெயர். என்னை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

மஞ்சுநாதா அந்தப் பிரஸ்ஸிலேயே இருந்து, ஒரு கீறல் இல்லாமல் ரிட்டயர் ஆனார். அது போதாதா என்று கேட்கிறார்கள். போதாது.

என் தங்கை மகள் இப்போது ஓசூரில் வேறொரு கம்பெனியில் லைன் லீடர். அங்கே மெஷினில் மாட்டும் தாளே கிடையாதாம். திரையில் தொட்டால் தமிழ், கன்னடம், ஹிந்தி, ஒடியா... எது வேண்டுமோ வருமாம். எழுத்து நீண்டால் பெட்டியும் தானாக நீளுமாம். நல்லதுதான். அன்றைக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால்...

"ஒடியாவை யாரும்மா படிச்சுப் பார்த்தது?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் சிஸ்டம் பாத்துக்கும் பெரியம்மா."

லைனில் நிற்கும் ஒடிசாப் பெண் ஒருத்தியை முழுவதும் வாசித்து அர்த்தம் சொல்லச் சொல் என்றேன். சிரித்துக்கொண்டே சரி என்றாள். செய்தாளா என்று தினமும் போன் போட்டுக் கேட்டேன். நாலு நாளாக எடுப்பதில்லை.

நாளைக்கு அவள் வீட்டுக்கே பஸ் ஏறப் போகிறேன்.