ஊர் இல்லாத குடில்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. காலைப் பூசை முடிந்து பட்டாபிராமில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் திரும்பியதும், சேலைகூட மாற்றாமல் என் மனைவி ஸ்டூலை இழுத்துப் பரணுக்குக் கீழே போட்டாள். விழாமல் பிடித்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டாள். ஏறி, பரண் கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் உள்ளே பார்த்தபடி நின்றாள்.

"ஏங்க, மூட்டை எங்க?"

"எந்த மூட்டை?"

"பேப்பர் மூட்டைங்க. ரெண்டு இருக்குமே."

"போட்டுட்டேன். பழைய பேப்பர்காரர்கிட்ட. சொன்னேனே."

"கட்டிலுக்கு அடியில இருந்ததைச் சொன்னீங்கன்னு நினைச்சேன். இதுவுமா? ரெண்டுமா?"

"ரெண்டும்."

ஸ்டூலிலிருந்து இறங்கி, அதை எடுத்துப்போய் அதன் இடத்தில் வைத்தாள். "பேப்பர்ல சுத்தி அதுக்குள்ளதாங்க ஊரை வெச்சிருந்தேன்" என்றாள். பிறகு இட்லிப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றப் போனாள்.

ஊர் என்றால் எது என்று சொல்லிவிட வேண்டும். கிறிஸ்துமஸுக்கு வீட்டின் முன்னறையில் குடில் வைக்கும் வழக்கம் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் உண்டு. பெரும்பாலான குடில்களில் மாதா, சூசையப்பர், இடையர்கள், மூன்று ராஜாக்கள், இரண்டு ஆடு இருக்கும். எங்கள் வீட்டுக் குடிலில் அவர்களைச் சுற்றி ஒரு ஊரே இருந்தது. நடைமேடையில் கொய்யாப்பழம் விற்கும் அம்மா. பெண்கள் பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கும் ஒருத்தி. தகரப் பெட்டியைத் தோளில் சுமந்து நிற்கும் ராணுவக்காரர். ஊக்கும் ஹேர்பின்னும் விற்கிற கண் தெரியாதவர். லேப்டாப் பையைக் குழந்தைபோல மார்போடு கட்டிக்கொண்ட பெண். எல்லோரும் களிமண்ணால் செய்யப்பட்டவர்கள், விரல் உயரம். ஒருவனைத் தவிர எல்லோரும் என் மனைவி ரயிலில் பார்த்தவர்கள்.

அவள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறாள். வருடத்துக்கு ஒரு பொம்மைதான் செய்வாள். திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளும் அந்த ஒரு பொம்மைக்கு. முதல் ஞாயிறு உடம்பு, இரண்டாவது முகம், மூன்றாவது காய்ந்த பிறகு தேய்ப்பது, கடைசி ஞாயிறு வர்ணம். கல்யாணமான வருடத்திலிருந்து அப்படித்தான். செய்தித்தாள் அலுவலகத்தில் இரவில் செய்தி திருத்தும் பணி பார்த்தவன் நான். ஞாயிறு பகலில் தூங்குவேன். முடிந்த குடிலைத்தான் பார்த்திருக்கிறேன். அது கலைந்து எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை. மாதா, சூசையப்பர், குழந்தை எல்லாம் பீரோவில் ஒரு டப்பாவில் இருப்பது தெரியும். மற்றவர்களும் அங்கேதான் இருப்பார்கள் என்று இருந்துவிட்டேன்.

அந்த வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. போகிறவர்களுக்கு ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள், வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். முதல் சில மாதங்கள் பக்கம் முடிக்கும் நேரத்துக்குத் தானாக விழிப்பு வந்து, கை எதையாவது திருத்தத் தேடும். அப்போதுதான் அம்பத்தூரில் ஒரு மாடியறையில் சனிக்கிழமை காலைகளில் தியானத்துக்கு உட்காருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஓய்வுபெற்ற வங்கிக்காரர்கள், ஐ.டி. பிள்ளைகள், நான். அரை மணி நேரம் சுவரைப் பார்த்து உட்காருவது, பிறகு ஒருவர் பௌத்தம் பற்றிப் பேசுவது. மதம் மாறுவது என்ற பேச்செல்லாம் அங்கே இல்லை. நானும் கோயிலில் கடைசி வரிசையில் நின்று பழகியவன்தான். அது பாட்டுக்கு அது நடந்தது.

சூனியம் பற்றி அவர் பேசிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. எந்தப் பொருளுக்கும் தனக்கென்று ஒரு சாரம் கிடையாது, உள்ளே தேடிப் பார்த்தால் காலியாக இருக்கும் என்று ஆரம்பித்தார். எனக்கு அது போதும் என்று பட்டது. செய்தியைச் சுருக்கும்போது நாங்கள் கீழேயிருந்துதான் வெட்டுவோம். முக்கியமானது முதல் பத்தியில் வந்துவிடும், கடைசியில் இருப்பது இடம் இருந்தால் போடலாம். அவர் பேச்சையும் அப்படித்தான் வெட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காலி. அதுதான் தலைப்பு.

அதன்பிறகு வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்தேன். உடைந்த மிக்ஸி, ஓடாத கடிகாரம், யாரோ கொடுத்த கேடயங்கள். முன்னறை விசாலமானது. "காத்து நல்லா வருதுங்க" என்று அவளும் சொன்னாள். காலையில் அவள் டிபன் பாக்ஸ் கட்டி, புடவைக்கு ஊக்கு குத்தி, ஸ்டேஷனுக்கு ஓடும்போது நான் அந்த அறையின் நடுவில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பேன். செருப்புச் சத்தம் கேட்காமல் போவதற்காக அவள் செருப்பைக் கையில் எடுத்துப்போய் வாசலுக்கு வெளியே போட்டுக்கொள்வாள். அது எனக்குத் தெரியும். கண் மூடியிருந்தாலும் தெரியும். சாயங்காலம் சோறு வடிப்பது நான்தான், பாத்திரம் தேய்ப்பதும் நான்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். யாரும் கேட்காத கேள்விக்கு அந்தப் பதில்.

பரணில் இருந்த இரண்டு மூட்டைகளையும் கடைசியாக இறக்கினேன். வாய் கட்டிய சாக்கு. ஓரக் கிழிசலில் எங்கள் பத்திரிகையின் பக்கம் தெரிந்தது. நான் பார்த்த பக்கங்களை அவள் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டேன். அவிழ்த்துப் பார்க்கவில்லை. பார்த்தால் ஆசை வரும், பார்க்காமல் விடுவதுதான் பயிற்சி என்று தோன்றியது. அந்த நிமிடம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மீன்பாடி என்கிற மூன்று சக்கர வண்டியோடு வந்த பழைய பேப்பர்காரர் ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னா சார், இம்மாங் கனம் கீது? உள்ள கல்லு கில்லு போட்டு வெச்சிக்கிறியா?"

"வெறும் செய்திதான்."

"நூஸு இம்மாங் கனமா இருக்காதே."

எடை போட வேண்டாம், சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியில் வீசினார். தார்ச்சாலையில் இரும்பு வண்டி குலுங்கிப் போன சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

அந்த ஞாயிறு இட்லி சாப்பிட்டுவிட்டு நேராக அவர் கடைக்குப் போனேன். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், அட்டைப்பெட்டி மலைக்கு நடுவில் தராசோடு உட்கார்ந்திருந்தார். கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யே, அது பொம்மையா சார்? கொட்டினா மண்ணு மண்ணா உதிருது. எவனோ எடை ஏத்த மண்ணப் போட்டுக்கினான்னு திட்டிக்கினே வாரி வெளிய போட்டேன். ஒண்ணே ஒண்ணு முழுசா கீது, நல்லாக்கீதேன்னு வெச்சிக்கினேன். இந்தா."

தராசுக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். காலை மடக்கி உட்கார்ந்து, விரித்த பேப்பருக்குள் முகத்தைப் புதைத்திருக்கும் ஆள். என்னுடையதைப் போலவே முன்வழுக்கை. குடிலில் இவனை எப்போதும் ஓரத்தில், மாட்டுத்தொழுவத்துக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்திருப்பாள். அவள் ரயிலில் பார்க்காமல் செய்த ஒரே பொம்மை.

வீட்டில் அதை அவள் உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவரு மட்டும் தப்பிச்சிட்டாரா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது. பொம்மையை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். வேலைக்குப் போகிறவர்களுக்கு நினைத்த நேரத்தில் அழக்கூட முடியாது. மறுநாள் சீக்கிரம் எழ வேண்டும்.

"திரும்பச் செய்யலாமே" என்று நான் அசட்டுத்தனமாகச் சொன்னேன்.

"அவங்கல்லாம் இப்ப அந்த ரயில்ல வர்றதில்லைங்க" என்றாள். "கொய்யாக்காரம்மா செத்தே போச்சு."

அடுத்த சனிக்கிழமை மாடியறைக்குப் போகவில்லை. பேச்சின் வெட்டிய பகுதி தானாக நினைவுக்கு வந்தது. எதுவும் காலி என்றால் எதுவும் இல்லை என்று அர்த்தமல்ல, ஒவ்வொன்றும் மற்றவற்றின் மேல் சாய்ந்துதான் நிற்கிறது, சாய்மானத்தை எடுத்தால் அந்தப் பொருளே இல்லை, அதற்குப் பெயர்தான் சூனியம் என்று அவர் முடித்திருந்தார். கடைசிப் பத்தியில் இருந்தது. என் அரை மணி நேர அமைதி அவள் கையில் தூக்கிப்போன செருப்பின் மேல் சாய்ந்திருந்தது. நிதானமாக வாழ்வது எப்படி என்று நான் அம்பத்தூருக்கு ரயில் ஏறிப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பொம்மைக்கு நான்கு ஞாயிறு எடுத்துக்கொள்கிறவள் பக்கத்து அறையில் இருந்தாள். அவளுடைய வருடத்தில் அவசரம் இல்லாத நாட்கள் அந்த நான்குதான். அவற்றை நான் வண்டியில் ஏற்றி அனுப்பியிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை எதிர்த்திசை ரயிலில் திருநின்றவூர் போனேன். அவள் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் அந்த ஊர் ஏரியிலிருந்து களிமண் கொண்டுவந்து தருவார் என்பதை எப்போதோ சொல்லியிருந்தாள். மழை பெய்து ஏரி நிறைந்திருந்தது. கரையோரம் இறங்கித் தோண்டி, மார்க்கெட் பை நிறைய எடுத்து வந்தேன். காயவைத்து, உடைத்து, சல்லடையில் சலித்து, தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்தேன். ஈரத்துணி போட்டு மூடி, பின்கட்டில் ஒரு பேசினில் வைத்தேன். செய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. துணி காயும்போதெல்லாம் நனைத்து வைத்தேன். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில்தான் அந்த பேசின்; அவள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. இரண்டாவது ஞாயிறும் மூன்றாவது ஞாயிறும் அவள் மதியம் படுத்துத் தூங்கினாள். அப்படி அவள் தூங்கி நான் பார்த்ததில்லை.

கடைசி ஞாயிறு காலை குடில் வைத்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வைக்கோல் கூரை, மாதா, சூசையப்பர், நடுவில் காலித் தொட்டில். குழந்தையைக் கிறிஸ்துமஸ் பூசைக்குப் பிறகுதான் கிடத்துவார்கள், அதுவரை அந்த இடம் காலியாகத்தான் இருக்க வேண்டும். இந்தக் காலியை வருடா வருடம் பார்த்தவன்தான் நான். சுற்றிலும் கூட்டம் நின்று அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அது காத்திருப்பதாகத் தெரிந்தது. இந்த வருடம் சும்மா ஒரு வைக்கோல் கூடைபோல் இருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் அன்பியத்துக்காரர்கள், அதாவது தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள், கேரல் பாட வந்தார்கள். பாட்டு முடிந்ததும் வழக்கம்போல எல்லோரும் குடிலருகே குனிந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் நிமிர்ந்தாள்.

"அக்கா, ஊர் எங்க? நான் லேப்டாப் பொண்ணப் பார்க்கத்தான் வந்தேன்."

"அண்ணன் ஊரைக் காலி பண்ணிட்டாரு" என்றாள் என் மனைவி.

"ஐயோ, புல்டோசர் விட்டீங்களாண்ணே?" என்றார் கிடார் வைத்திருந்தவர். "நோட்டீஸாவது குடுத்தீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நான் கேக் தட்டை நீட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போனேன். எதிர்வீட்டுப் பெண் மட்டும் கிளம்பும்போது, "அடுத்த வருஷம் உண்டுல்லக்கா?" என்று கேட்டாள். என் மனைவி, "பாப்போம்" என்றாள்.

அவர்கள் போன பிறகு தட்டுகளைக் கழுவப் பின்கட்டுக்குப் போனேன். அவள் எனக்கு முன்பே அங்கே இருந்தாள். பேசின் முன்னால் குத்துக்காலிட்டு, ஈரத்துணியை விலக்கி, ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டுகளோடு நின்றேன்.

"கல்லு இருக்கு" என்றாள். "விரல் செய்யும்போது உடைஞ்சிடும். துணியில வடிகட்டணும்."

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். செய்வேன் என்று சொல்லவில்லை. மன்னித்துவிட்டாள் என்று எழுத எனக்கு ஆதாரம் இல்லை.

தட்டுகளை ஓரமாக வைத்தேன். என் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து எடுத்துவந்து, மண்ணை மறுபடி தண்ணீரில் கரைக்க ஆரம்பித்தேன்.