செல்வராணி பேசியதும் கட்சி வெட்டியதும்

முந்தின நாளே கொழும்பிலிருந்து வந்து தங்கி, ஞாயிறு காலை எட்டரைக்குப் பதுளையில் பஸ் ஏறினேன். தெமோதரைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் செல்வராணியைப் பார்க்கப் போவதாகச் சொன்னதும் அருகில் இருந்தவர், "வீடு வேணாம்னு சொன்ன அம்மாவா?" என்று போனை நீட்டினார்.

அதில் ஒரு வீடியோ. தேர்தல் கூட்டமொன்றில் மைக் பிடித்து நிற்கிறார் செல்வராணி. தேயிலைக் கொழுந்து பறிப்பவர், தொழிலாளர்களுக்கான வரிசை அறைகளான லயத்தில் குடியிருப்பவர். "எங்களுக்கு வீடு வேணாங்க. எங்க லயமே போதும்." வீடியோ அவ்வளவுதான். கீழே கூட்டம் நடத்திய கட்சியின் சின்னம்.

அவர் பேசியது அதுவல்ல. கூட்டத்துக்குப் போயிருந்த என் ஆசிரிய நண்பர் முழுவதையும் பதிந்து எனக்கு அனுப்பியிருந்தார். "மண்ணு சரியிற எடத்துல எங்களுக்கு வீடு வேணாங்க. எங்க லயமே போதும். நல்ல எடத்துல காணி தாங்க, உறுதிப் பத்திரத்தோட தாங்க." முன்னும் பின்னும் நறுக்கி, கேட்டவரையே மறுத்தவராக்கிவிட்டார்கள்.

பஸ்ஸை விட்டிறங்கி, தேயிலைக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் ஏறினால் லயம். செல்வராணி பால் விடாத பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

"தண்ணி புடிக்கப் போனா, 'ஒன்னால எங்க வீடும் போச்சு'ங்கிறாங்க. கொழும்புல வேல செய்ற மகளும் பேச்ச நிப்பாட்டிட்டா."

"கட்சிக்காரங்ககிட்ட கேட்டீங்களா?"

"பதுள ஆபீசுக்குப் போனேங்க. அங்கிருந்த தம்பி, 'பெருசா எடுத்துக்காதீங்க அக்கா, வீடியோ நல்லாப் போகுது'ன்னிச்சு."

கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஆபீசுக்குப் போன மறுநாள் காலை, வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லார் முன்னும் நின்று, கூட்டத்தில் பேசியதை மறுபடி முழுக்கப் பேசியிருக்கிறார். கங்காணி அதட்டியும் நிறுத்தவில்லை. அதன்பின் சில பெண்கள் பேச வந்தார்களாம். மற்றவர்களுக்கு இன்னும் போனில் வந்ததுதான் உண்மை.

மகளை என் போனில் அழைத்து, முழுப் பதிவையும் அனுப்பிக் கேட்கச் சொன்னேன். கேட்டு முடித்து அவளே திரும்ப அழைத்தாள், ஸ்பீக்கரில் போட்டேன்.

"நான் ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேக்கவே இல்லையேம்மா" என்றாள்.

"சரி விடு. சாப்பிட்டியா?" என்றார் செல்வராணி.

மாலை ரயிலில் திரும்பும்போதும் கோபம் தணியவில்லை. கட்சியின் வீடியோ வெளிவந்த அன்றே நண்பர் முழுப் பதிவை இணையத்தில் போட்டிருந்தார், பார்த்தவர்கள் சொற்பம். கொழும்பில் எங்கள் தெரு டாக்டர் ஒருவரின் பேச்சை இப்படி வெட்டியிருந்தால், மாலைக்குள் வக்கீல் கடிதம் போயிருக்கும், மன்னிப்பும் வந்திருக்கும். கொழுந்து பறிக்கும் ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்க அந்தக் கட்சியில் இன்றுவரை ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.