சேமிக்காமல் மாறிய கிழமை

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். சென்னை நிறுவனம் ஒன்றுக்காக நான்கு பேர் மென்பொருள் எழுதினோம். நான்தான் மூத்தவள். எனக்குக் கீழே இருந்தவள் பொதட்டூர்பேட்டைப் பெண். தினமும் பஸ்ஸில் வந்து போவாள்.

ஒரு டயாலிசிஸ் மையத்துக்குக் கணினித் திரை செய்யும் வேலை வந்தது. எந்த நோயாளிக்கு எந்தக் கிழமை, எந்தப் படுக்கை என்று நர்ஸ் பார்க்கவும் மாற்றவும் ஒரு பக்கம். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் ஊருக்குள் பஸ் நுழையாது, யாரும் வேலைக்கு வந்து சேர முடியாது. அதற்குள் முடித்துத் தருவதாக நானே ஒப்புக்கொண்டிருந்தேன்.

திரைக்கும் உள்ளே இருக்கும் தகவலுக்கும் நடுவே போக்குவரத்து எப்படி என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். நான் இருவழி என்றேன். திரையில் உள்ள பெட்டியில் கிழமையை மாற்றினால் தகவலும் அந்த நொடியே மாறும், எழுதும் வரிகள் குறையும். அவள் ஒருவழி கேட்டாள். மாற்ற வேண்டுமென்று திரை கேட்கட்டும், ஒரே ஓர் இடம் அதை வாங்கி மாற்றட்டும், அங்கிருந்து எல்லாப் பகுதிக்கும் போகட்டும் என்றாள்.

"உங்க வழியில எந்தப் பெட்டி வேணா தகவல மாத்திகினே இருக்கும்க்கா. யார் மாத்துனதுன்னு தேடவே முடியாது."

அவள் சொன்ன வழிக்கு ஒரு வாரம் கூடுதலாகும். சின்னப் பக்கம், இதற்குப் போய் இவ்வளவா என்று பேச்சை முடித்துவிட்டேன். நான் சொன்னபடியே அவள் எழுதிக் கொடுத்தாள். திரையும் நன்றாகத்தான் ஓடியது.

தை மாதத்தில் ஒரு நாள், நோயாளி ஒருவரின் மகன் மையத்துக்குப் போன் செய்து, அப்பாவின் வியாழக்கிழமையைச் சனிக்கு மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறார். சனிக்கிழமை இடம் இருக்கிறதா என்று பார்க்க நர்ஸ் பெட்டியில் சனியைத் தேர்ந்தெடுத்தார். அதற்குள் மகன், வேண்டாம், வியாழனே இருக்கட்டும் என்றுவிட்டார். நர்ஸ் சேமிக்காமல் மூடினார். ஆனால் உள்ளே கிழமை ஏற்கெனவே மாறிவிட்டிருந்தது. அடுத்து வேறொருவரின் போன் எண்ணைத் திருத்திச் சேமித்தபோது, முழுப் பட்டியலோடு அந்த மாற்றமும் சேர்ந்து பதிவாகிவிட்டது.

வியாழக்கிழமை அந்த மனிதர் கனகம்மாசத்திரத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. படுக்கை எதுவும் காலியாக இல்லை. சனிக்கிழமை வரச்சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துபோனார்.

இதயம் முன்பே பலவீனம், அன்று சிகிச்சை நடந்திருந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு சில நாள் தூங்கினேன்.

சென்னையிலிருந்து மேலாளர் வீடியோவில் கூட்டம் போட்டார். அந்தப் பக்கத்தை எழுதியது யார் என்று கேட்டார். நான்தான் சார் என்றாள் அவள். அது உண்மை. பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்த வழியைத் தேர்ந்தெடுத்தது நான், அவள் வேண்டாமென்று சொன்னாள் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. மேலாளர் அடுத்த கேள்விக்குப் போகும்வரை மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசியோடு அவளை நிறுத்தினார்கள். கடைசி நாள் மாலை அவள் தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு, வரேன்க்கா என்று படி இறங்கிப் போனாள்.

அதன்பின் அந்தப் பக்கம் முழுவதையும் ஒருவழியில் நானே திரும்ப எழுதினேன். சரியாக ஒரு வாரம் ஆனது.

பங்குனியில் அவளுக்குப் போன் செய்தேன். பின்னால் தறிச் சத்தம் கேட்டது. வேலை கிடைத்ததா என்றேன். இன்னும் இல்லை என்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டிருந்தேன். அதற்குப் பதில் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்தேன். பிறகு அவள் கேட்டாள்.

"இப்போ சேவ் பண்ணாம எதுவும் மாறலியேக்கா?"

"மாறல."

"ஆங், சரிக்கா" என்று வைத்துவிட்டாள்.

நிறுவனத்தின் விசாரணை அறிக்கையில் தவறு செய்தவர் என்ற இடத்தில் இன்றைக்கும் அவள் பெயர்தான் இருக்கிறது. திருத்தச் சொல்லி நான் எழுதவில்லை.